குரல் நடுவில் நிற்கிறது, ஆனால் பின்னால் போக மாட்டேன் என்கிறது: ஸ்டீரியோ அறையில் ஆழம் வருவது எப்படி?

கேள்வி இதுதான். அறை 4.5 மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அகலம் குறைந்த சுவர்ப் பக்கம், ஸ்டாண்டின் மேல் இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். சுவருக்கும் அவற்றின் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டுக்கும் நடுவில் டிவி. எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிப் போட்ட சோபா. பாடகர் குரல் கச்சிதமாக நடுவில் நிற்கிறது, இடமும் வலமும் தெளிவாகப் பிரிகின்றன. ஆனால் எல்லாமே ஒரே திரையில் ஒட்டிய போஸ்டர் மாதிரி தட்டையாக இருக்கிறது. டாக்கை (டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் கருவி) மாற்றினால் ஆழம் வருமா, இல்லை சுவரெல்லாம் ஃபோம் ஒட்ட வேண்டுமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஓர் அளவுநாடா, ஒரு மாஸ்கிங் டேப், பொருட்களை நகர்த்த ஒரு மதியப் பொழுது. உங்கள் அறையில் கிடைக்கக்கூடிய ஆழத்தில் பெரும்பகுதி இவற்றிலேயே கிடைத்துவிடும். ஏன் என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நகர்த்துவது என்பதும் பிடிபடும். அதனால் கொஞ்சம் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பெரிய கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசுகிறார், இன்னொருவர் பத்து மீட்டர் தள்ளி. யார் பக்கத்தில், யார் தூரத்தில் என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? சத்தத்தின் அளவு ஓரளவு உதவும். ஆனால் தூரத்தில் இருப்பவர் கத்திப் பேசினாலும் தூரத்தில்தான் இருப்பதாகத் தெரிகிறது. அங்கே வேலை செய்வது வேறு இரண்டு விஷயங்கள். முதலாவது, வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்கும், கூடத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒலிக்கும் உள்ள விகிதம். பக்கத்தில் இருப்பவரிடம் நேரடி ஒலி மேலோங்கும். தூரத்தில் இருப்பவரைக் கூடத்தின் எதிரொலி சூழ்ந்துகொள்ளும். இரண்டாவது, நேரடி ஒலி வந்ததற்கும் முதல் பிரதிபலிப்பு வந்ததற்கும் இடையே விழும் கால இடைவெளி. பக்கத்தில் இருப்பவருக்கு இந்த இடைவெளி நீளம். தூரத்தில் இருப்பவருக்கு நேரடி ஒலியும் பிரதிபலிப்பும் ஏறக்குறைய ஒரே தூரம் பயணம் செய்வதால் இடைவெளி சுருங்கிவிடும்.

நல்ல ஒலிப்பதிவில் இந்த இரண்டு தகவலும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். ஆழம் என்பது அதுதான். உங்கள் ஸ்பீக்கரோ அறையோ அதை உருவாக்குவதில்லை. அறையால் முடிந்தது, இருப்பதைக் கெடுக்காமல் விடுவது மட்டுமே.

உங்கள் அறை எப்படிக் கெடுக்கிறது என்று கணக்குப் போடலாம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இனி ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ளதை முன்சுவர் என்றும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ளதைப் பின்சுவர் என்றும் சொல்கிறேன். உட்கார்ந்து பார்க்கிறவர் கணக்கு. ஸ்பீக்கர் பெட்டி 25 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், அதன் முன்முகம் முன்சுவரிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கூடுதலாக 90 சென்டிமீட்டர் பயணம் செய்து, சுமார் 2.6 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. பின்சுவரிலிருந்து உங்கள் காது 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அங்கிருந்து திரும்புவது 1.7 மில்லிசெகண்டில் வந்துவிடும். பாடகர் பதிவான கூடத்தின் முதல் பிரதிபலிப்போ பல மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரப்போகிறது. அதற்கு முன்பே உங்கள் சுவர்கள் முந்திக்கொள்கின்றன. பக்கத்தில் இருந்த வயலினுக்கும் பின்வரிசை டிரம்முக்கும் ஒரே மாதிரியான, அவசரமான பிரதிபலிப்பு முத்திரை விழுகிறது. காது அதை நம்பி, ‘இது ஒரு சின்ன அறை, ஒலி ஸ்பீக்கர் இருக்கும் தூரத்திலிருந்து வருகிறது’ என்று முடிவு செய்துவிடுகிறது. அதுதான் நீங்கள் கேட்கும் தட்டை.

இவ்வளவு சீக்கிரம் வரும் பிரதிபலிப்பு தனி எதிரொலியாகக் காதில் விழாது. முதலில் வந்த ஒலி எந்தத் திசையோ அந்தத் திசையையே மூளை பிடித்துக்கொண்டு, பின்னால் வருவதை அதோடு சேர்த்துவிடும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் விவரித்த விளைவு இது. ஒலியியலில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு இடம், வலம், நடு எல்லாம் சரியாகவே கேட்கின்றன, ஆழம் மட்டும் கேட்பதில்லை. திசையைச் சுவர் கெடுப்பதில்லை. குரலின் நிறத்தையும் தூரத்தையும்தான் கெடுக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த, ‘ஷ்ஷ்’ என்ற சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, சோபாவில் தலையைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். அப்படியே மெதுவாக முன்னால் குனியுங்கள். இரைச்சலின் நிறம் மாறிக்கொண்டே வருவது கேட்கும். ஒரு இடத்தில் குழாய்க்குள்ளிருந்து வருவது போல, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்ததும் திறந்த மாதிரி. நேரடி ஒலியும் சுவரில் பட்டதும் மோதி, சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 30 சென்டிமீட்டரில் முதல் பள்ளம் 286 ஹெர்ட்ஸ் பக்கம், அடுத்தது அதன் மூன்று மடங்கில், அப்புறம் ஐந்து மடங்கில். இசை கேட்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. பழகிப்போனதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, நகர்த்தலாம். சோபாவை இப்போதைக்கு மறந்துவிட்டு, முதுகு தாழ்வான ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் எழும் முதுகு கொண்ட நாற்காலி வேண்டாம், அதுவே காதுக்குப் பின்னால் இன்னொரு சுவர். ஸ்பீக்கரின் முன்முகம் முன்சுவரிலிருந்து 1.1 மீட்டர். பக்கச் சுவரிலிருந்து ஒவ்வொன்றின் மையமும் 60 சென்டிமீட்டர். அப்படியானால் இரண்டுக்கும் இடையே 2.2 மீட்டர். உங்கள் காது பின்சுவரிலிருந்து 1.4 மீட்டர். இப்போது ஸ்பீக்கர்களும் தலையும் சேர்ந்து கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். பக்கம் சுமார் 2.3 மீட்டர். ஸ்டீரியோவுக்கான வழக்கமான 60 பாகைக் கோணமும் இதுவே.

இந்த ஒரு மாற்றத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். முன்சுவரின் பிரதிபலிப்பு 2.6 மில்லிசெகண்டிலிருந்து 6 மில்லிசெகண்ட் பக்கம் தள்ளிப்போனது. பின்சுவரிலிருந்து வருவது 1.7-இலிருந்து 8-ஐத் தொட்டது. அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த நீங்கள் இப்போது 2.3 மீட்டரில் இருக்கிறீர்கள். நேரடி ஒலி மட்டும் 4, 5 டெசிபெல் கூடியிருக்கிறது. அறை முழுக்க நிரம்பியிருக்கும் எதிரொலியோ முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது. விகிதம் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்பீக்கர் பக்கத்தில் வந்துவிட்டதே, ஆழம் குறையாதா என்று தோன்றும். நடப்பது நேர்மாறாகத்தான். அறை பின்வாங்குவதால் பதிவில் உள்ள கூடம் முன்னுக்கு வருகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் தாழ்ந்த ஒலி, நேரடி ஒலியோடு எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து நான்கால் பெருக்கி, 343-ஐ அதால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 45 சென்டிமீட்டரில் அது 190 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம். 1.1 மீட்டரில் 78 ஹெர்ட்ஸ். குரல் தெளியும், ஆனால் டிரம்மின் குத்து கொஞ்சம் மெலியலாம். அப்படி ஆனால் 10 சென்டிமீட்டர் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பக்கச் சுவர், தரை, முன்சுவர் மூன்றும் வூஃபரிலிருந்து (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) வேறு வேறு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மூன்றும் ஒரே தூரமானால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து பெரிய குழியாகிவிடும்.

தரையில் டேப் ஒட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உங்கள் மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்பது 29 மைக்ரோசெகண்ட். காதுகள் இரண்டுக்கும் இடையே இயற்கையில் வரக்கூடிய உச்ச வேறுபாடே சுமார் 700 மைக்ரோசெகண்ட்தான். அதனால் இதில் அலட்சியம் கூடாது. பெரும்பாலானவர்கள் கேபிளுக்குச் செலவிடும் யோசனையில் பத்தில் ஒரு பங்கை அளவுநாடாவுக்குச் செலவிட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

எதைக் கேட்டு முடிவு செய்வது? இடம் வலமாக அகலம் கூடியதா என்று கேட்காதீர்கள், அது ஏமாற்றும். குரலுக்கும் அதைச் சுற்றியுள்ள கூடத்துக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று கேளுங்கள். ஒரு வரி முடிந்ததும் அதன் கடைசி எழுத்து எங்கே போய்த் தேய்கிறது? ஸ்பீக்கர் இருக்கும் கோட்டிலேயே நின்று அணைந்துவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது. சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டிப் பின்னால் எங்கோ போய்த் தேய்ந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஸ்பீக்கரை எவ்வளவு உள்நோக்கித் திருப்புவது என்பதில் ஊருக்கு ஒரு கட்சி. தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டின் அச்சும் சந்திக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்புங்கள். நிறையத் திருப்பி வைத்தால் உருவங்கள் கூர்மையாகும், பக்கச் சுவருக்குப் போகும் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, குறையும். நேராக வைத்தால் ஒலி திறந்து விரியும், நடுவில் நிற்கும் குரல் கொஞ்சம் கரையும். ஸ்பீக்கரின் அச்சிலிருந்து விலகி வரும் ஒலி எப்படி என்பதைப் பொறுத்தது இது. உங்கள் ஸ்பீக்கரைப் பார்க்காமல் யாராவது உறுதியாகப் பாகை சொன்னால் நம்ப வேண்டாம்.

நடுவில் இருக்கும் டிவிக்கு ஒரு சோதனை போதும். கனமான போர்வையை மடித்து அதன் மேல் தொங்கவிட்டு, அதே பாட்டைக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கேட்கும் நேரத்தில் போர்வை. தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரை முன்னால் இழுத்த பிறகு பல அறைகளில் டிவி ஒரு பிரச்சினையாகவே இருக்காது. காலுக்கு முன்னால் கண்ணாடி மேஜை இருந்தால் அதை ஓரமாகத் தள்ளுங்கள், அது சோதனை இல்லாமலே கெடுதல்.

இனி ஃபோம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஃபோமை ஸ்பீக்கருக்குப் பின்னால் முன்சுவரில் ஒட்டுவது பரவலாக நடக்கும் வீண் செலவு. காரணம் எளிது. 20 சென்டிமீட்டர் அகலப் பெட்டி ஸ்பீக்கர், ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை முன்னோக்கித்தான் அதிகம் செலுத்தும். அதற்குக் கீழேதான் சுற்றி வளைத்துப் பின்னாலும் அனுப்பும். ஆக, முன்சுவருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. மெல்லிய ஃபோம் உறிஞ்சுவது உயர்ந்த ஒலியை. அங்கே இல்லாத ஒன்றை உறிஞ்ச ஆள் வைத்த கதை இது. முன்சுவரில் ஏதாவது செய்வதானால் 10 சென்டிமீட்டர் தடிமன் ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் பலகை, சுவரிலிருந்து இன்னொரு 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. அப்போதுதான் 200 ஹெர்ட்ஸ் சுற்று வட்டாரத்தில் ஏதாவது நடக்கும். துணி சுற்றிக்கொள்ளுங்கள், நார் பறக்கக் கூடாது.

அதைவிட மோசம், நான்கு சுவரையும் மெல்லிய ஃபோமால் மூடுவது. ட்ரெபிள் செத்துவிடும், பேஸ் அப்படியே உருண்டுகொண்டிருக்கும். அறை காதை அடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் ஆழமும் வராது. வீட்டு அறைக்கு எதிரொலி தேயும் நேரம் 0.3 முதல் 0.5 செகண்ட் வரை இருந்தால் நல்லது, எல்லா அதிர்வெண்ணிலும் ஓரளவு சமமாக. கைதட்டிப் பார்த்தால் உலோகம் போல் ‘டிர்ர்’ என்று அதிராமல் சட்டென்று அடங்கினால் பெரும்பாலும் போதும்.

பக்கச் சுவர் கொஞ்சம் சிக்கலான விஷயம். நீங்கள் நாற்காலியில் இருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் முதல் பிரதிபலிப்பு விழும் இடம். உங்கள் அறையில் புதிய ஏற்பாட்டில் அந்தப் பிரதிபலிப்பு நேரடி ஒலிக்கு 2.2 மில்லிசெகண்ட் கழித்து வரும். எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து அதே ஸ்பீக்கரின் ஒலி 7.7 மில்லிசெகண்ட் கழித்து. அங்கே பலகை வைத்து உறிஞ்சுவதா, சும்மா விடுவதா?

ஸ்டுடியோ கட்டுகிறவர்கள் உறிஞ்சு என்பார்கள். ஃப்ளாய்ட் டூல் போன்ற ஆய்வாளர்கள், அச்சிலிருந்து விலகிய ஒலியும் சீராக இருக்கும் நல்ல ஸ்பீக்கரானால் பக்கவாட்டுப் பிரதிபலிப்பு வீட்டில் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பிடிக்கவே செய்கிறது, மேடையை விரித்துக் காட்டுகிறது என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பக்கவாட்டுப் பிரதிபலிப்பு அகலத்தைக் கூட்டும், உருவத்தைப் பெரிதாக்கும். ஆனால் மிகச் சீக்கிரம் வந்தால், பதிவில் உள்ள கூடத்தை மறைக்கவும் செய்யும். அகலமான அறையில், சுவர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் நான் வெறுமனே விடுவேன். 3.4 மீட்டர் அகல அறையில், அதுவும் கேள்வி ஆழம் பற்றியதாக இருக்கும்போது, 60-க்கு 120 சென்டிமீட்டர் அளவில், 10 சென்டிமீட்டர் தடிமனில் பக்கத்துக்கு ஒரு பலகை வைப்பேன். முதலில் சாய்த்து வைத்து ஒரு வாரம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், சுவரில் ஆணி அடிக்கும் அவசரம் இல்லை. ஒரு பக்கம் சன்னல், மறுபக்கம் திறந்த வாசல் என்று இருந்தால் மட்டும் இரண்டையும் கூடியவரை ஒரே மாதிரி ஆக்கியே தீர வேண்டும். ஒரு பக்கம் கனமான திரை, மறுபக்கம் வெறும் சுவர் என்றால் நடுக்குரல் ஒருபுறம் சாயும்.

பின்சுவரில், உங்கள் காதிலிருந்து ஒன்றரை மீட்டர் கிட்டத்தட்ட இருப்பதால், உறிஞ்சுவதைவிடச் சிதறடிப்பது நல்லது. புத்தகங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கிய அலமாரி ஓரளவுக்கு இதைச் செய்யும். மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970-களில் எண்கோட்பாட்டை வைத்து வகுத்த, ஆழம் மாறி மாறி வரும் குழிகள் கொண்ட டிஃப்யூசர்கள் இதையே கணக்கோடு செய்கின்றன. ஆனால் காது சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் டிஃப்யூசர் வேண்டாம். அவ்வளவு பக்கத்தில் அது சிதறடிப்பதைவிடக் குழப்புவதே அதிகம். அங்கே தடித்த உறிஞ்சு பலகைதான்.

பேஸுக்கும் ஆழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நிறைய. உங்கள் அறையின் நீளத்துக்கு முதல் அதிர்வு 38 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டார் அந்தச் சுரத்தைத் தொட்டதும் அறை தொடர்ந்து முழங்கும். அந்த முழக்கம் ஓயும் வரை, அதன் மேல் மெலிதாக விழும் கூடத்தின் வால், அதாவது எதிரொலி தேய்ந்து முடியும் பகுதி, கேட்காது. மூலைகளில் தரையிலிருந்து மேலே வரை 30 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனில் பேஸை உறிஞ்சும் பொறி வைத்தால் உதவும், இடத்தையும் அடைக்கும். இல்லாவிட்டால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவுத்திருத்தம் செய்த ஒரு மைக்கும் கொண்டு அளந்து, மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள். பள்ளங்களை நிரப்பப் போகாதீர்கள். ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு சக்தி ஊற்றினாலும் அதே அளவு அழியும், ஆம்ப்ளிஃபயர்தான் மூச்சு வாங்கும். உங்கள் அறையில் சுமார் 190 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறை ராஜா. அதற்கு மேல் ஈக்வலைசர் கொண்டு அறையைத் திருத்த முயல்வது பெரும்பாலும் ஸ்பீக்கரைக் கெடுப்பதில் முடியும்.

அறையின் அமைதியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நீங்கள் 75 டெசிபெல்லில் கேட்கிறீர்கள், மின்விசிறியும் ஏசியும் சேர்ந்து 45 டெசிபெல் இரைகின்றன என்று வையுங்கள். கூடத்தின் எதிரொலி 30 டெசிபெல் இறங்கியதுமே இரைச்சலில் மூழ்கிவிடும். ஆழத்தைச் சொல்லும் தகவலில் பாதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. விசிறியை நிறுத்தி 35-க்குக் கொண்டுவந்தால் கூடுதலாக 10 டெசிபெல் வால் கேட்கும். காசு செலவில்லாமல் இவ்வளவு பெரிய முன்னேற்றம் வேறெங்கும் கிடைக்காது, வியர்வைதான் விலை.

இவ்வளவும் செய்த பிறகு எதைப் போட்டுக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். பெரும்பாலான ஸ்டுடியோப் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு மைக். பிறகு கலக்கும்போது இடத்துக்கு, வலத்துக்கு என்று நகர்த்தி, செயற்கை ரீவெர்ப் (எதிரொலி) சேர்க்கிறார்கள். திறமையான பொறியாளர் கையில் அதிலும் ஆழம் வரும். ஆனால் பலதில் வராது, ஏனென்றால் பதிவிலேயே இல்லை. சத்தத்தை அமுக்கி அமுக்கி உயர்த்திய பதிவுகளில் தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அவற்றைப் போட்டு அறையைச் சோதித்தால் நல்ல அறையும் தோற்றுப்போகும்.

குறைந்த மைக்குகளில் எடுத்தவற்றைத் தேடுங்கள். ஆலன் ப்ளம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த, ஒரே புள்ளியில் குறுக்காக வைத்த இரண்டு மைக் முறை இன்றும் ஆழத்துக்கு ஓர் அளவுகோல். ரை கூடரும் விஷ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்து, கவி அலெக்சாண்டர் 1992-இல் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ அந்த வழியில் வந்தது. கவ்பாய் ஜங்கீஸ் குழுவின் ‘தி டிரினிட்டி செஷன்’, 1987 நவம்பரில் டொரன்டோவில் ஒரு தேவாலயத்துக்குள் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பதிவானது. டெக்கா நிறுவனம் 1954 முதல் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பயன்படுத்திய, மூன்று மைக் கொண்ட ‘டெக்கா ட்ரீ’ பதிவுகளிலும் பின்வரிசை ஹார்ன் வாத்தியங்கள் உண்மையிலேயே பின்வரிசையில் இருக்கும்.

இவற்றையும்விட நம்பகமான சோதனை நீங்களே எடுக்கும் பதிவு. கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்றை ஒரு பெரிய கூடத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் தூரத்துக் குரலை உயர்த்திச் சோதனையைக் கெடுத்துவிடும். ஒருவர் ஒரு மீட்டரில் நின்று பேசத் தொடங்கி, ‘இரண்டு மீட்டர், மூன்று மீட்டர்’ என்று சொல்லிக்கொண்டே எட்டு மீட்டர் வரை பின்னால் நடக்கட்டும். வீட்டில் போட்டுக் கேளுங்கள். உண்மை என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்பதுதான் இதன் பலம். நல்ல அறையில் குரல் முன்சுவரைத் துளைத்துக்கொண்டு நடந்து போகும். கெட்ட அறையில் நின்ற இடத்திலேயே நின்று, சத்தம் மட்டும் குறையும். நாற்காலியை ஒரு கோடு நகர்த்திவிட்டு மறுபடி கேட்கலாம். எந்தக் கோட்டில் எத்தனையாவது மீட்டர் வரை நகர்வது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஓரிரு டெசிபெல் தாழ்ந்த ஸ்பீக்கரில் குரல் பின்வாங்கிய மாதிரி கேட்கும். அதே இடத்தில் மேடு இருந்தால் குரல் மடியில் வந்து உட்காரும். முதல் வகையைக் கடையில் கேட்டுவிட்டு ‘என்ன ஆழம்!’ என்று வாங்கி வருகிறார்கள். எல்லாப் பதிவும் ஒரே அளவு பின்னால் போனால் அது ஆழம் இல்லை, ஸ்பீக்கரின் குணம். பதிவுக்குப் பதிவு தூரம் மாற வேண்டும்.

முன்னும் பின்னும் ஒலிக்கும் பலகை ஸ்பீக்கர்கள், 1957-இல் வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் போன்றவை, ஆழத்துக்குப் பேர் போனவை. அவை முன்சுவருக்கு முழு அலைவரிசையையும் அனுப்புகின்றன. ஒரு மீட்டருக்கு மேல் இடம் கொடுத்தால் தாமதமாகத் திரும்பும் அந்த ஒலி மேடையைப் பின்னால் விரிக்கும். பதிவில் இல்லாததையும் கொஞ்சம் சேர்க்கிறது என்பது என் கணிப்பு, ஆனாலும் இனிமையான சேர்க்கை. சுவரை ஒட்டி வைத்தால் அந்தக் காசு வீண்.

நாற்காலியைத் தினமும் நகர்த்த முடியாது, ஸ்பீக்கரை நடு அறைக்கு இழுத்தால் வீட்டில் நடக்க இடமில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, கேட்கும் நேரத்துக்கு மட்டும் இழுப்பது. ஸ்டாண்டின் அடியில் ஃபெல்ட் ஒட்டி, தரையில் டேப் குறி வைத்தால் ஒரு நிமிட வேலை. இன்னொன்று, எதிர்த்திசையில் போவது. ஸ்பீக்கரைச் சுவரோடு கூடியவரை ஒட்டிவிட்டால் பள்ளம் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஏறும். முன்முகம் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் 286 ஹெர்ட்ஸ். அங்கே 10 சென்டிமீட்டர் பலகை நன்றாகவே வேலை செய்யும். பிறகு நாற்காலியை ஸ்பீக்கரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு இழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மேடை சிறியதாக இருக்கும், ஆனால் தட்டையாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில், 40 முதல் 70 சென்டிமீட்டருக்குள் நிறுத்துவதுதான் ஆகாத இடம். பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கர் இருப்பதும் அங்கேதான்.

டாக், ஆம்ப்ளிஃபயர் பற்றிக் கேட்டீர்கள். ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு டாக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, நாற்காலியை 10 சென்டிமீட்டர் நகர்த்துவதால் வரும் வேறுபாட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஆழம் கூடியதாகச் சிலர் சொல்வதில் விஷயம் உண்டு. அதன் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் அதிர்வெண் வளைவே சற்று மாறுகிறது. அது ஈக்வலைசர் வேலை, மந்திரம் இல்லை. வாங்குவதற்கு முன் ஸ்பீக்கர் வயரை ஒரு முறை பாருங்கள்: இரண்டு பக்கமும் சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில் இருக்கிறதா? ஒன்று மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். உங்களுக்குக் குரல் நடுவில் நிற்பதால் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ‘3டி’, ‘சரவுண்ட்’, ‘லௌட்னஸ்’ என்று ஏதாவது பொத்தான் எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்.